பதினைந்தா, ஐந்தா, மூன்றா?

ஆய்வுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கையர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “பைத்தானில் ஆண்டுதோறும் ஏதேனும் மாறிக்கொண்டே இருக்கிறது. மொழியியல் படித்த நாம் இதையெல்லாம் எப்படித் தொடர்ந்து கற்பது?” ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடையளிப்பதைவிட இங்கே எழுதிவைத்தால் பலருக்கும் பயன்படும் என்று எண்ணுகிறேன். பதிவு சற்றே நீளமானது, பொறுத்தருள்க.

முதலில் மாற்றத்தின் வேகத்தைப் பார்ப்போம். 2020 அக்டோபரில் வெளியான 3.9 தொடங்கி, ஆண்டுக்கு ஒரு முறை அக்டோபரில் பைத்தானின் புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுகளுக்கே திருத்தங்கள் கிடைக்கும். நம் நாட்டில் முனைவர் பட்டம் பெற ஆகும் காலமும் ஏறக்குறைய அதுவே. ஆகவே முதலாண்டில் நாம் நிறுவிய பதிப்பு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் வேளையில் ஓய்வு பெற்றிருக்கும். நிரலகங்களின் நிலையும் இதுவே. அட்டவணைத் தரவுகளைக் கையாளும் பாண்டாஸ் நிரலகம், 2023 ஏப்ரலில் வந்த 2.0 பதிப்பில், பலரும் நாள்தோறும் பயன்படுத்திவந்த ‘அப்பெண்ட்’ என்னும் செயலை அட்டவணைகளிலிருந்து நீக்கிவிட்டது. பழைய நிரலை ஓட்டினால் பிழைச் செய்தி வந்து நின்றுவிடும்.

இத்தகைய மாற்றங்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நின்றுவிடும் நிரல் தன் குறையைத் தானே சொல்லிவிடுகிறது. ஒரு மணி நேரம் தேடினால் தீர்வு கிடைத்துவிடும். நாம் கவனிக்க வேண்டியவை ஓசையின்றி விடையை மாற்றும் மாற்றங்களே.

‘தமிழ்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் என்ன என்று பைத்தான் 2-இல் சாதாரணச் சரமாகக் கொடுத்துக் கேட்டால், யுடிஎஃப்-8 முறையில் 15 என்று விடை வரும். அது எண்ணியது பைட்டுகளை. 2008 டிசம்பரில் வெளியான பைத்தான் 3-இடம் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஒருங்குறியின் ஐந்து குறியெண்களை அது எண்ணுகிறது. தொடக்கப்பள்ளி மாணவரிடம் கேட்டால் த, மி, ழ் என்று விரல் மடக்கி மூன்று என்பார். மூன்று விடைகளுக்கும் காரணம் உண்டு. ஆயினும் ஆய்வேட்டில் ‘எழுத்துகளின் எண்ணிக்கை’ என்று எழுதும்போது நமக்கு வேண்டியது அம்மாணவரின் விடை. அதைப் பெற, எழில் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலியோர் வளர்த்தெடுத்த ஓப்பன்-தமிழ் நிரலகம் போன்றவை தேவைப்படுகின்றன.

இன்னொன்றும் கூறுவேன். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். ‘நீளம்’ என்று மாறிக்குப் பெயரிட்டால் மறுப்பின்றி ஏற்றுக்கொள்ளும். ஆனால் பைத்தானுடனேயே வரும் ‘ஆர்இ’ என்னும் தேடற்கூறில், சொல்லெழுத்துகளைப் பொறுக்கும் பின்சாய்கோடு-டபிள்யூ குறியைக் கொண்டு ‘தமிழ்’ என்பதைத் தேடினால் ‘தம’, ‘ழ’ என்று இரு துண்டுகள் கிடைக்கும். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது எழுத்தாகக் கருதுவதில்லை. தனியாக நிறுவிக்கொள்ளும் ‘ரெஜெக்ஸ்’ நிரலகம் இச்சொல்லை முழுமையாகத் தருகிறது. ஆங்கிலத்தை முன்வைத்து எழுதப்பட்ட பயிற்சி நூல்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. நிரல் நிற்பதும் இல்லை. பிழைச் செய்தியும் வராது. தவறான சொற்பட்டியல் ஒன்று அழகாக அச்சாகிவிடும்.

இது என் ஆய்வை ஏன் இவ்வளவு தொடுகிறது என்பதை அறிய என் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கஞ்சிக்கோடு, வாளையாற்றுக்கும் பாலக்காட்டுக்கும் இடையே தேசிய நெடுஞ்சாலை மீதுள்ள ஊர். 1956-இல் கேரள மாநிலம் அமையும்வரை இப்பகுதி சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. பின்னர்த் தொழிற்பேட்டை வளர்ந்தது. ஆலைகளுக்குப் பல ஊர்களிலிருந்தும் மக்கள் வந்தனர். ஒரே திண்ணையில் ‘போதும்’ என்பதும் ‘மதி’ என்பதும் ஒரே வாயிலிருந்து வருவது எங்களுக்கு இயல்பு. அத்தகைய முதியோரின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்வதே என் வேலை. “என்ன சாமி, நான் பேசறதெல்லாமா எழுதறே?” என்று சிரித்துக்கொண்டே பேசிய பாட்டி இன்று இல்லை. அவருடைய ஒலிக்கோப்பு மட்டுமே இருக்கிறது. இனி அவரிடம் சென்று சரிபார்க்க இயலாது.

இப்பேச்சில் தமிழ்ச் சொற்களும் மலையாளச் சொற்களும் கலந்து வருவதால் அவ்வவற்றை அவ்வவ்வெழுத்திலேயே எழுதிவைக்கிறேன். இங்கேதான் பதிப்பு மாற்றம் நுட்பமாக நுழைகிறது. 2023 செப்டம்பரில் வெளியான ஒருங்குறி 15.1, எழுத்துகளைக் கொத்தாகப் பிரிக்கும் விதியில் ஒரு திருத்தம் செய்தது. தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகிய ஆறு எழுத்துமுறைகளில் கூட்டெழுத்துகள் இனி ஒரே கொத்தாக எண்ணப்படும். தமிழ் இத்திருத்தத்தில் இல்லை. மலையாள எழுத்தில் தாயைக் குறிக்கும் ‘அம்ம’ என்பதைப் பழைய விதி மூன்றாக எண்ணியது. புதிய விதி இரண்டாக எண்ணும். தமிழ் எழுத்தில் ‘அம்மா’ முன்பும் மூன்று, இப்போதும் மூன்று. இரண்டு முடிவுகளுமே அவ்வவ்வெழுத்து மரபுக்குப் பொருந்துபவை. ஆனால் சொல்நீளத்தை வைத்து இரு மொழிச் சொற்களை ஒப்பிடும் ஓர் ஆய்வாளர், பாதி வேலையைப் பழைய விதிப்படி இயங்கும் நிரலகத்திலும் மீதியைப் புதிய விதிப்படி இயங்கும் நிரலகத்திலும் செய்தால் என்னாகும்? பாட்டியின் பேச்சு மாறாதிருக்க, மலையாளச் சொற்கள் திடீரெனக் குறுகிவிடும்.

ஒலியிலிருந்து எழுத்துக்கு மாற்றும் புதிய கருவிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்ட விஸ்பர், தமிழையும் மலையாளத்தையும் அறியும். எனக்கு அது பல நாள் உழைப்பை மிச்சப்படுத்துகிறது. ஆயினும் மொழி எதுவென்று நாம் சொல்லாவிட்டால், ஒலியின் முதல் 30 நொடிகளைக் கொண்டு மொழியைக் கணித்து, கோப்பு முழுவதையும் அம்மொழியாகவே கொள்ளும். பதிவின் தொடக்கத்தில் அண்டை வீட்டார் மலையாளத்தில் நலம் விசாரித்தால் போதும். பின்வரும் தமிழும் மலையாளமாக எழுதப்படலாம். பேச்சுத் தமிழில் ‘மழை’ பெரும்பாலும் ‘மழ’ என்றே ஒலிக்கிறது. மலையாளத்திலும் அது ‘மழ’. அந்த ஓரசையை எம்மொழியில் சேர்ப்பது என்பது மொழியியல் கேள்வி. அதற்கான முடிவைக் கருவி முன்கூட்டியே எடுத்துவிட்டு நமக்குச் சொல்லாமல் இருப்பதே சிக்கல்.

எனவே நான் கைக்கொள்ளும் முறை எளியது. விடை முன்பே தெரிந்த நாற்பது சொற்களையும் பத்துத் தொடர்களையும் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். எழுத்து எண்ணிக்கை, சொற்பிரிப்பு, மொழி அடையாளம் எல்லாம் கையால் எழுதப்பட்டவை. ஒற்றைக் குறியாகவும், எகரக் கொம்பும் காலுமாக இரு குறிகளாகவும் தட்டெழுதப்பட்ட ‘கொ’ அதில் உண்டு. இரண்டும் திரையில் ஒன்றுபோல் தோன்றும், பைத்தானுக்கு வேறு வேறு, ஒருங்குறி இயல்பாக்கம் செய்தால் ஒன்றாகும். பழைய முறையிலும் புதிய முறையிலும் எழுதப்பட்ட மலையாளச் சில்லெழுத்துகளும் உண்டு. அவற்றை அந்த இயல்பாக்கம் ஒன்றாக்காது, நாமே மாற்ற வேண்டும். எந்தப் புதிய பதிப்பு வந்தாலும் முதலில் இக்கோப்பை ஓட்டுகிறேன். விடை மாறினால் ஏன் மாறியது என்று தேடிப் படிக்கிறேன். என் கல்வியின் பெரும்பகுதி அப்படித்தான் வந்தது. மாறாவிட்டால் அமைதியாகப் பதிப்பை உயர்த்திக்கொண்டு, பதிப்பெண்ணை ஆய்வுக் குறிப்பேட்டில் எழுதிவைக்கிறேன்.

தரவை முன்னே எடுத்துச்செல்வதும் இக்கல்வியின் பகுதியே. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தொடக்ககால நூல்கள் ஒருங்குறியில் இல்லை. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டெழுதப்பட்டவை. பின்னர்த் தன்னார்வலர்கள் அவற்றை மாற்றித் தந்ததால்தான் நாம் இன்று அவற்றைத் தேடிப் படிக்கிறோம். அதே காலத்தில் தனியார் எழுத்துருக்களில் சேமிக்கப்பட்ட பல கோப்புகள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகவே திறக்கின்றன. ஆகவே ஒலியை டபிள்யூஏவி வடிவிலும், எழுத்துப் பெயர்ப்பை எக்ஸ்எம்எல் போன்ற வெற்று உரை வடிவிலும் வைத்திருங்கள். ஈலான் கருவியின் கோப்புகள் அவ்வடிவின என்பதால், நாளை அக்கருவியே மறைந்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியும்.

எல்லாப் புதுமைகளையும் பின்தொடர யாராலும் இயலாது. ஆண்டுக்கு ஒரு முறை, அக்டோபர் மாதத்தில், நீங்கள் உண்மையாகப் பயன்படுத்தும் ஐந்தாறு நிரலகங்களின் மாற்றக் குறிப்புகளை மட்டும் ஒரு பிற்பகல் அமர்ந்து படியுங்கள். மீதியைத் தேவை வரும்போது கற்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மூணாறு, பீர்மேடு பகுதி நண்பர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசும் சொற்களில் தமிழா மலையாளமா என்று உங்களுக்கே ஐயம் தரும் சொற்களைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். எந்தத் தொடரில், யாரிடம் பேசும்போது வரும் என்பதையும் சேர்த்து எழுதினால் இன்னும் நன்று. என் நாற்பது சொற்கள் நானூறாகட்டும். திரட்டி முடித்ததும் எல்லோரும் பயன்படுத்தும் வகையில் இங்கேயே பகிர்கிறேன்.