ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

பாஸ்டனில் பேருந்து ஏறியபோது நல்ல வெயில். கேப் காட் தீபகற்பத்தின் தென்மேற்கு முனையான உட்ஸ் ஹோலில் இறங்கியபோது ஊரைக் கடல்மூட்டம் மூடியிருந்தது. மார்த்தாஸ் வினியார்ட் தீவுக்குப் புறப்படும் படகு கண்ணுக்குத் தெரியவில்லை. அதன் சங்கொலி மட்டும் வந்தது. வாட்டர் ஸ்ட்ரீட் என்னும் பிரதான தெருவின் குறுக்கே ஒரு சின்னத் தூக்குப்பாலம். படகு ஈல் பாண்டுக்குள் நுழையும்போது பாலம் எழும்பும். தெருவே நின்று காத்திருக்கும்.

இவ்வளவு தூரம் நான் வந்த காரணம் என் இடது மணிக்கட்டில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஜன்னல் கண்ணாடி கிழித்து அங்கே நரம்பு அறுந்தது. தைத்த மருத்துவர், நரம்பு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும் என்றார். தழும்பிலிருந்து விரல் பக்கமாகத் தட்டிக்கொண்டே போவேன். எந்த இடத்தில் தட்டினால் விரலில் சுரீரென்று மின்சாரம் பாய்கிறதோ, அதுவரை நரம்பு வந்துவிட்டது என்று பொருள். மாதாமாதம் அந்த இடத்தில் பேனாவால் புள்ளி வைத்தேன். புள்ளிகள் உள்ளங்கையைக் கடந்தன. வளரும் அந்த நுனிக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்வி அப்போது பிறந்தது.

அதற்கு விடை தேடியவர்களின் ஊர் இது. 1888இல் தொடங்கிய கடல் உயிரியல் ஆய்வகம் இங்கேதான் இருக்கிறது. ஆய்வாளர் ஒருவர் எனக்காக ஒரு கணவாயை அறுத்தார். நம் மீனவர்கள் ஊசிக்கணவாய் என்பார்களே, அந்த வகை. மேலுறையைப் பிரித்துக் கறுப்புப் பின்னணியில் விரித்ததும், பளபளக்கும் நூல் ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஒற்றை நரம்பிழை! மனித நரம்பிழையில் மிகத் தடித்ததே மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். இதுவோ அரை மில்லிமீட்டர். சிலவற்றில் ஒரு மில்லிமீட்டர் வரைக்கும் இருக்குமாம்.

இழையின் ஒரு முனையை வெட்டி, சிறிய உருளையால் மெல்ல அழுத்தினார். பற்பசை போல உள்ளிருந்த கூழ் பிதுங்கி வந்தது. நுண்ணோக்கித் திரையில் அந்தக் கூழ் ஊர்ந்துகொண்டிருந்தது. மணிமணியான துகள்கள் விரைந்து ஓட, நீளமான உருவங்கள் சற்று நின்று, மறுபடி நகர்ந்தன. அவைதான் மைட்டோகாண்ட்ரியா என்றார். உயிரணுவின் அடுப்புகள்! இழையை விட்டு வெளியே வந்த பின்னும் போக்குவரத்து நிற்கவில்லை. என் கண்கள் கலங்கின.

அந்தச் சுமைகளை இழுக்கும் புரதமான கைனசினை 1985இல் ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், மைக்கேல் ஷீட்ஸ் ஆகியோர் கண்டறிந்தது இந்தக் கணவாய்க் கூழிலிருந்துதான். ஓர் எட்டுக்கு எட்டு நானோமீட்டர் நடக்கும் கூலியாள் அது.

என் விரலுக்கு வரும் உணர்வு நரம்பணுக்களின் உடல் கழுத்தெலும்பின் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சமைத்த ஏடிபி, அதாவது உயிரணுவின் ஆற்றல் தரும் சோறு, அறுந்த நுனிவரை வந்து சேராது. நெடும்பயணத்துக்குக் கட்டுச்சோறு போதாது; அடுப்பே கூட வரவேண்டும். 2016இல் யேல் பல்கலைக்கழகத்தார், கண்ணாடி போன்ற சிறு புழுக்களின் நரம்பிழையை லேசரால் வெட்டிப் பார்த்தார்கள். காயத்துக்குப் பின் அந்த இழையில் மைட்டோகாண்ட்ரியா பெருகின. அவை மிகுந்திருந்த இழைகள் நன்றாக வளர்ந்தன.

முதிர்ந்த நரம்பில் மைட்டோகாண்ட்ரியாவை சின்டாஃபிலின் என்ற புரதம் நங்கூரம் போட்டு நிறுத்திவிடுகிறது. காயம்பட்ட இடத்தில் பழையவை பழுதாகின்றன. புதியவை வர வழியில்லை. இந்த நங்கூரம் இல்லாத எலிகளில், 2020இல் வெளியான ஆய்வின்படி, தண்டுவடக் காயத்துக்குப் பின் நரம்பிழைகள் கூடுதலாக வளர்ந்தன. தண்டுவடம் அடிபட்டுப் படுத்திருப்பவர்களுக்கு இது இன்னும் மருந்தாகவில்லை. ஆனால் எந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

மாலையில் மூட்டம் விலகியது. மணி அடித்துப் பாலம் எழும்ப, மற்றவர்களோடு நானும் நின்றேன். இடது ஆள்காட்டி விரலால் கைப்பிடிக் கம்பியைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. அந்தக் குளிரை என்னிடம் கொண்டுவந்து சேர்க்க, எத்தனை அடுப்புகள் என் கைக்குள் நடந்திருக்கும்!