உடைந்த துதிக்கை

நம் கல்லூரி நூலகத்தின் ஒரு மூலையில், ஆண்டு மலரின் பழைய தொகுதிகள் மர அலமாரியொன்றில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வகுப்புக் கட்டுரைக்குக் குறிப்புத் தேடிச் சென்ற யான், 1972-ஆம் ஆண்டின் மலரை எடுத்துப் பிரித்து, தாமிரபரணியைப் பற்றிய கட்டுரையொன்றை வாசிக்கத் தலைப்பட்டேன். மூன்றாம் வரியிலேயே என் கண் இடறிற்று. தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் யான், 'அலை' என்னும் எளிய சொல்லின்முன் ஒரு கணம் தயங்கி நின்றேன். அங்கே லகரத்தின் முகப்பிலிருந்து, யானை தன் துதிக்கையை உயர்த்தியதுபோல, ஒரு வளைவு எழுந்து நின்றது.

அது பழைய எழுத்து. 1935-இல் பெரியார் தமது 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கைக்கொண்டதும், அவற்றுட் சிலவற்றை ஏற்று 1978-இல் தமிழக அரசு ஆணை பிறப்பித்ததும் யாவரும் அறிந்தனவே. அவ்வாணையால் பதின்மூன்று எழுத்துக்களின் வடிவம் மாறிற்று. யான் பிறக்கும் முன்னரே நிகழ்ந்துவிட்ட அம்மாற்றத்தை யான் ஏட்டளவிலன்றி உணர்ந்ததில்லை. புதுமையாகத் தோன்றவே, கைப்பேசியால் அப்பக்கத்தைப் படமெடுத்துக்கொண்டு, பாட்டனாரிடம் காட்ட வேண்டுமென்று வீடு திரும்பினேன்.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். என் பாட்டனார் முப்பத்தைந்து ஆண்டுகள் கம்பாசிடராயிருந்தவர். நாள்தோறும் பாளையங்கோட்டையிலிருந்து நடந்து, சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, ஆற்றுக்கு அப்பாலிருந்த சிறிய அச்சகமொன்றிற்குச் சென்று, நின்றபடியே எழுத்துக் கோத்தவர். தோழர்கள் அவரைப்பற்றி வினவியபோதெல்லாம், "அச்சுத்துறையில் இருந்தார்" என்று மட்டும் விடையிறுத்து வந்தேன். அச்சகத்தின் உரிமையாளர்போலும் என்று அவர்கள் எண்ணிக்கொண்டால், அவ்வெண்ணத்தைத் திருத்த யான் முற்பட்டதில்லை.

பாட்டனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கைப்பேசியைக் கண்ணருகே பிடித்து, நெடுநேரம் நோக்கினார். பின்னர் மெல்ல நகைத்து, "ஐயா, இந்தப் பக்கம் நான் கோத்தது" என்றார்.

யான் நம்பவில்லை. "ஐம்பது ஆண்டுகளுக்கு முந்திய பக்கம், தாத்தா. எப்படி அறிவீர்கள்?" என்றேன்.

"ஒன்பதாம் வரியைப் பார். 'இல்லை' என்னும் சொல்லில் துதிக்கையின் நுனி ஒடிந்திருக்கிறதா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நுனி ஒடிந்துதான் இருந்தது.

அவர் எழுந்து உள்ளே சென்று, துருப்பிடித்த சிறு தகரப் பெட்டியொன்றைக் கொணர்ந்தார். அதனுள் பழந்துணியில் சுற்றப்பட்டு ஏழு ஈய எழுத்துக்கள் இருந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். விரல்நகத்தினும் சிறிதாயினும் எதிர்பாராத கனமுடையதாயிருந்தது. ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து வார்த்தது. எழுத்து இடவலம் மாறியிருந்தமையால் என்னால் படிக்க இயலவில்லை. அதனையும் படமெடுத்து, கைப்பேசியிலேயே இடவலமாகத் திருப்பி, மலரின் படத்தருகே வைத்து ஒப்பு நோக்கினேன். அதே எழுத்து, அதே ஒடிவு!

"அதைத் திருப்பிப் பார்க்க உனக்கு ஒரு கருவி வேண்டியிருக்கிறது" என்று பாட்டனார் சிரித்தார். கம்பாசிடர் தம் இடக்கையிலுள்ள ஸ்டிக்கில் எழுத்துக்களைத் தலைகீழாக அடுக்குவார். ஆயினும் இடமிருந்து வலமாகவே வாசிப்பார். அவ்வாறு வாசித்தே, ஆசிரியர் விட்டுவிட்ட ஒற்றைக் கண்டு, கேட்டுச் சேர்ப்பதும் உண்டாம். சந்தி இலக்கணத்தை யான் நூற்பாவாகக் கற்றேன். அவர் விரலால் கற்றிருக்கிறார்.

"ஒடிந்த எழுத்தை ஏன் பயன்படுத்தினீர்கள்?" என்றேன்.

"வேறு இல்லையே, ஐயா! கேஸில் மற்ற எழுத்து மீதியிருக்கும். லை மட்டும் தீர்ந்துபோகும். 'இல்லை' என்று எழுதாத ஆசிரியர் உண்டா?"

பெட்டியில் ஏழே எழுத்துக்கள் இருந்தமை எனக்கு ஐயத்தை விளைத்தது. "மாறியவை பதின்மூன்று அல்லவா? மற்ற ஆறும் எங்கே?" என்று வினவினேன். அவர் பெட்டியிலிருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசைப்படுத்தினார்: ணா, றா, னா, ணை, லை, ளை, னை. "ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்பவற்றிற்குத் தனி அச்சு எதற்கு? இந்தப் பழைய ணாவுக்கு முன்னால் ஒரு கொம்பை வைத்தால் ணொ; கொம்பை மாற்றினால் ணோ. புத்தகத்துக்குத்தான் பதின்மூன்று; கம்பாசிடருக்கு ஏழு" என்றார். தேர்வில் பன்முறை எழுதி மதிப்பெண் பெற்ற ஒரு செய்தி, அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

பழைய வடிவங்கள் ஒழிந்தமைக்கு அவர் வருந்துவாரென்று எதிர்பார்த்தேன். அவரோ வருந்தவில்லை. வேலை எளிதாயிற்றென்றும், ஆயினும் மாதக்கணக்கில் தம் கை தானாகவே பழைய அறைக்குச் சென்று வெறுமையைத் தொட்டு மீண்டதென்றும் சொன்னார். பின்னர் ஆப்செட் முறை வந்தது, அச்சகம் மூடப்பட்டது, எழுத்துக்களெல்லாம் பழைய ஈயமாக எடைபோட்டு விற்கப்பட்டன. "இந்த ஏழையும் 1978-லேயே எடுத்து வைத்துவிட்டேன். உழைத்தவற்றை எடைபோட மனம் வரவில்லை" என்று மட்டும் கூறி, துணியை மடித்தார்.

அன்றிரவு யான் நெடுநேரம் எண்ணமிட்டேன். எழுத்தின் வடிவம் வானினின்று இறங்கியதன்று. பாளையங்கோட்டைப் பாலத்தின்கீழ்ச் செல்லும் நீர் கடலைச் சேரும் புன்னைக்காயலில்தான், அண்டிரிக் அடிகளாரின் 'அடியார் வரலாறு' 1586-இல் அச்சாயிற்றென்று கருதப்படுகிறது. அதற்கு எட்டாண்டுகள் முன்னர், 1578-இல், அவருடைய 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேறிற்று. இத்தாலியிலிருந்து வந்து நம் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் ஊழியஞ் செய்த வீரமாமுனிவர் (1680–1747), எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் இன்று நாம் எழுதும் வேறுபாட்டை வகுத்தார். பாட்டனார் "கொம்பை மாற்றினால்" என்று கூறிய அந்த மாற்றம் முனிவர் தந்தது! தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயருக்கு ஜெர்மனியிலிருந்து வந்த எழுத்துக்கள் மிகப் பெரியனவாயிருந்தமையால், அங்கேயே சிறியன வார்க்கப்பட்டன. 1715-இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. இவர்கள் பெயரெல்லாம் நம் பாடநூலில் உள்ளன. அவ்வெழுத்துக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கோத்த கைகளின் பெயர் அதிலில்லை. 1972-ஆம் ஆண்டு மலரிலும் பதிப்பாசிரியர், கட்டுரையாளர் பெயர்களெல்லாம் இருக்கின்றன. என் பாட்டனாரின் பெயர் இல்லை. அவர் அங்கிருந்தமைக்குச் சான்று ஒன்பதாம் வரியிலுள்ள ஓர் ஒடிவு மாத்திரமே.

மறுவாரம் தோழர் மூவரை வீட்டிற்கு அழைத்துச் சென்றேன். "இவர் என் பாட்டனார், கம்பாசிடர்" என்றேன். அச்சொல்லை உரக்கச் சொல்ல எனக்குப் பத்தொன்பது வயதாயிற்று. அவர்கள் ஏழு எழுத்துக்களையும் மாறிமாறிக் கையில் ஏந்தி வியந்தனர். ஒருவன் முத்திரை மையைத் தடவித் தாளில் ஒற்றினான். ஏழும் நேராக எழுந்து நின்றன. பாட்டனார் தாளை வாங்கிப் பார்த்து, "மை அதிகம்" என்றார்.

இந்நாளில் கணினி, னகரத்தையும் ஐகாரக் குறியையும் தனித்தனிக் குறியீடுகளாகவே காத்து வைக்கிறது. அவை எவ்வுருவிற் சேர்ந்து தோன்றுமென்பது எழுத்துருவை அமைப்போன் கையில் உள்ளது. ஆகவே, விரும்புவோன் அத்துதிக்கையை மீண்டும் எழுப்பலாம். யானும் வரைதாளில் அவ்வேழையும் பெரிதாக வரைந்து பழகி வருகிறேன். பழைய வடிவத்தை மீட்க வேண்டுமென்னும் வழக்கு எனக்கில்லை. ஒரு வளைவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று கையால் அறிய விரும்புகிறேன், அவ்வளவே.

இம்மலர் அச்சாகி வந்தவுடன் முதற்படியைப் பாட்டனாரிடமே கொடுப்பேன். இக்கட்டுரையில் எங்கேனும் ஓர் ஒற்று விடுபட்டிருப்பின், அவர் அதை முதலில் காண்பார்.