அப்பத்தா மறந்தார், நாங்கள் மறைத்தோம்!



சுருளிப்பட்டியில் எங்களுக்குப் பன்னீர் திராட்சைத் தோட்டம் உண்டு. எந்தக் கொடி எந்த ஆண்டு நட்டது என்று கை நீட்டிச் சொல்லக்கூடியவர் என் அப்பத்தா. சென்ற ஆண்டு ஒரு மாலை, ஜெபமாலையின் நடுவில் அவர் திகைத்து நின்றுவிட்டார். அப்பா ஒன்றும் பேசாமல் மீதியைச் சொல்லி முடித்தார். பின்பு குழம்பில் இருமுறை உப்பு விழுந்தது. அம்மா சத்தமின்றி வேறு குழம்பு வைத்தார். என்னை அத்தையின் பெயரால் அழைத்தார், நானும் "என்னத்தா?" என்றேன். பெரியோரை மதிக்க வேண்டும் என்று மறைக்கல்வியில் கற்றவர்கள் அல்லவா நாங்கள்!

ஒரு நாள் தோட்டத்துக்கு வழி தெரியாமல் முல்லைப் பெரியாற்றங்கரையில் நின்றிருந்தவரை அயலார் அழைத்து வந்தனர். அதன் பிறகே தேனிக்குச் சென்றோம். "எவ்வளவு காலமாக இப்படி?" என்று மருத்துவர் கேட்டார். யாருக்கும் பதில் தெரியவில்லை. "அல்சைமர் நோயாக இருக்கலாம்" என்றார்.

இந்நோயை ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906-இல் விவரித்தார். நோயாளிகளின் மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் படிகிறது. அதை நீக்கினால் நோய் தீரும் என்று பலர் நம்பினர். ஆனால், மருந்துகள் பல தோற்றன. 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அடுகானுமாப் மருந்தை அதன் நிறுவனமே 2024-இல் கைவிட்டது. அமிலாய்டு பற்றிய 2006-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றும், படங்கள் திருத்தப்பட்டிருந்ததால் 2024-இல் திரும்பப் பெறப்பட்டது. 2023-இல் முழு அனுமதி பெற்ற லெகானெமாப் நோயின் வேகத்தைச் சற்றே குறைக்கிறது, குணப்படுத்துவதில்லை. படிவு இருந்தும் சில முதியோர் தெளிவாக இருப்பது ஏன்? இதற்கு இன்னும் முழு விடை இல்லை.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு புதிர் உண்டு. பல நாடுகளில் நடந்த மறதி நோய் ஆய்வொன்று 2008-இல் 'லான்செட்' இதழில் வந்தது. வேலூர்ப் பகுதிக் கிராமங்களும் அதில் அடங்கும். வழக்கமான அளவுகோலின்படி, இந்தியக் கிராமப்புறத்தில் இந்நோய் 0.3 சதவீதமே! வேறோர் அளவுகோலால் பார்த்தபோதோ பல மடங்கு! முதியோரின் வேலைகளை வீட்டாரே செய்துவிடுவதால், குறை அவர்கள் கண்ணில் படாமல் போயிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர்.

இதைப் படித்தபோது எங்கள் வீடே என் கண்முன் வந்தது. அம்மா மாற்றி வைத்த குழம்பும், நான் சொன்ன "என்னத்தா?"வும் அன்புதான். ஆனால், அந்த அன்பே நோயை மூடி வைத்தது.

இப்போது ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வருகிறேன்: எதை மறந்தார், எதை நினைவில் வைத்திருக்கிறார் என்று. அடுத்த முறை மருத்துவர் கேட்டால் பதில் இருக்கும். ஜெபத்தில் அப்பத்தா நின்றால், நாங்கள் முந்திக்கொண்டு முடிப்பதில்லை. கையைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறோம். சில நாள் அவரே தொடர்கிறார்.

தோழியரே, உங்கள் வீட்டுப் பெரியவர் மறக்கத் தொடங்கினால் "வயசானால் அப்படித்தான்" என்று மூடிவிடாதீர்கள். விஞ்ஞானிகளின் விடை வரும்போது வரட்டும். மறைக்காமல் சொல்வது இன்றே நம்மால் ஆகும்!