தவிட்டுக்கு வாங்கின பிள்ளை

சீனாவில் குவாங்ஜோ என்றொரு நகரம். நம் தாத்தா காலத்து அட்லஸில் தேடினால் 'கான்டன்' என்று இருக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை இங்கே 'கான்டன் ஃபேர்' என்று மகா பெரிய சந்தை கூடுகிறது. 1957-லிருந்து நடக்கிறது. குண்டூசியிலிருந்து கிரேன் வரை எல்லாம் கிடைக்கும். 2025 ஏப்ரலில் எங்கள் கம்பெனி என்னையும் அனுப்பி வைத்தது.

மூன்று நாள் பம்ப்செட் உதிரிபாகங்களைத் தடவித் தடவிப் பார்த்ததில் விசிட்டிங் கார்டு தீர்ந்து, கால் வீங்கிவிட்டது. நாலாம் நாள் ஹோட்டல் ரிசப்ஷன் பெண்ணிடம், "மரம் இருக்கிற இடமா ஒண்ணு சொல்லும்மா" என்று கேட்டேன். (கேட்டது நானில்லை, என் செல்போன். அதுதான் அங்கே எனக்குப் பதிலாகச் சீனம் பேசியது!)

"ஷாமியன்" என்றாள்.

மெட்ரோவில் போய் இறங்கி, ஒரு சின்ன வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் ஷாமியன் தீவு. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் முத்து நதி. முத்து என்றதும் பாய வேண்டாம், ஆற்றின் பெயரே அதுதான். இரண்டாவது அபின் யுத்தத்தில் சீனா தோற்ற பிறகு பிரிட்டிஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் இந்த மணல்திட்டைப் பங்கு போட்டுக்கொண்டு பங்களாவும் சர்ச்சும் கட்டினார்கள். அவர்கள் போயாகிவிட்டது. பங்களாக்கள் இருக்கின்றன, ஆலமரங்கள் இருக்கின்றன. மரத்தடிக்கு ஒரு ஜோடி வீதம் கல்யாணப் பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டோவுக்கு நிற்கிறார்கள். அரை மணியில் தீவையே சுற்றி வந்துவிடலாம்.

ஆற்றங்கரையில் 'ஒயிட் ஸ்வான்' ஹோட்டல். வெள்ளை அன்னம். 1983-ல் திறந்த ஐந்து நட்சத்திர ஹோட்டல். நம் பட்ஜெட்டுக்கு ரூம் எட்டாது. ஆனால் லாபிக்குள் போக யார் தடுக்கப் போகிறார்கள்? ஏ.ஸி.க்காக நுழைந்தேன். உள்ளே ஒரு நிஜ அருவியே கொட்டுகிறது! பாறை, மீன், மேலே ஒரு குட்டி மண்டபம். பாறையில் மூன்று சீன எழுத்துகள்.

வாயைப் பிளந்து நின்றபோது, "எக்ஸ்க்யூஸ் மீ, ஒரு போட்டோ எடுக்க முடியுமா?" என்று குரல்.

அமெரிக்க அம்மாள். ஐம்பத்தைந்து வயசிருக்கும், நரைத்த கிராப். பக்கத்தில் சீனப் பெண், இருபத்திரண்டு மதிக்கலாம். கைடு என்று நினைத்தேன். "என் மகள்" என்றார் அந்த அம்மாள். நல்லவேளை, 'கைடுக்கு எவ்வளவு கொடுக்கிறீங்க?' என்று கேட்டுத் தொலைக்கவில்லை.

போட்டோ முடிந்ததும் பெண் ஆற்றங்கரையைப் பார்க்கப் போய்விட்டாள். அந்த அம்மாள் சோபாவில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். ரயிலில் எதிர் ஸீட்காரரைக் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டேன்: "உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

அவர் உடனே பதில் சொல்லவில்லை. "அது கொஞ்சம் கஷ்டமான கணக்கு, தம்பி" என்றார். ('தம்பி' மட்டும் என் மொழிபெயர்ப்பு.)

இரண்டு பையன்கள் பெற்றவர்கள். மூன்றாவதாக ஒரு பெண் வேண்டுமென்று புருஷனும் பெண்டாட்டியும் 2004-ல் சீனா வந்திருக்கிறார்கள். அப்போது சீனாவில் 'ஒரு குடும்பம், ஒரு குழந்தை' சட்டம். அந்த ஒன்று பையனாக இருக்கட்டும் என்று பல பெற்றோர் நினைத்ததில், பெண் குழந்தைகள் ராத்திரியோடு ராத்திரியாகச் சந்தை வாசலிலும் ஆஸ்பத்திரிப் படியிலும் விடப்பட்டார்கள். அரசாங்கக் காப்பகங்கள் நிரம்பின. 1992-லிருந்து வெளிநாட்டாருக்குத் தத்து கொடுக்கச் சட்டம் வழிவிட்டது. மொத்தம் 1,60,000 குழந்தைகளுக்கு மேல் போனார்கள். அதில் 82,000 பேருக்கு மேல் அமெரிக்காவுக்கு.

"ஹுனான் மாகாணத்தில் ஒரு ஆபீஸ் ஹால். பத்து குடும்பம் வரிசையாக நிற்கிறோம். பேர் கூப்பிட்டு, குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். பத்து மாசக் குழந்தை. அன்றைக்கும் மறுநாளும் ஓயாமல் அழுதாள். ஆயாவைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரியவே இரண்டு நாள் ஆச்சு. எனக்கு வாழ்க்கையில் சந்தோஷமான நாள். அவளுக்கு அப்படி இல்லை."

அமெரிக்கர்கள் எந்த மாகாணத்தில் தத்து எடுத்தாலும், குழந்தைக்கு விசா வாங்க குவாங்ஜோவுக்குத்தான் வர வேண்டியிருந்தது. 2013 வரை அமெரிக்கத் துணைத் தூதரகம் இந்தத் தீவில்தான் இருந்தது. மருத்துவப் பரிசோதனையும் இங்கேதான். ஆகவே நிறையப் பேர் தங்கியது இந்த ஹோட்டல். காலை டிபனுக்கு இறங்கினால் மேஜைக்கு மேஜை சீனக் குழந்தையும் வெள்ளைக்கார அப்பா அம்மாவும்! பொம்மைக் கம்பெனி மேட்டல், தங்குகிற குடும்பங்களுக்காகவே, கையில் சீனக் குழந்தையை ஏந்திய பார்பி பொம்மை ஒன்று செய்து கொடுத்தது. வெளியே கடைக்காரர்கள் தள்ளுவண்டியை இலவசமாக இரவல் தருவார்கள். திருப்பிக் கொடுக்க வரும்போது ஒரு பட்டுச் சட்டையாவது வாங்காமலா போவீர்கள்? வியாபார மூளை!

"ஊருக்குக் கிளம்பும் முன்னால் குழந்தைகள் எல்லாருக்கும் பட்டுடை போட்டு, லாபியில் ஒரு சிவப்பு சோபாவில் வரிசையாக உட்கார வைத்து போட்டோ எடுப்பது வழக்கம்" என்று பர்ஸைத் திறந்து காட்டினார். பத்துக் குழந்தைகள். நாலு பேர் அழுகிறார்கள். ஒருத்தி பக்கத்தில் இருப்பவளின் காலைக் கடிக்கிறாள். "கடிக்கிறது என் பெண்."

மேல்நாட்டில் குழந்தையைக் கொக்கு தூக்கி வந்து போடும் என்று சொல்லி வைப்பார்களாம். அதனால் வெள்ளை அன்னத்துக்கு 'வெள்ளைக் கொக்கு விடுதி' என்று பட்டப்பெயர். எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஊரில் கொக்கெல்லாம் கிடையாது மேடம். 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்'னு சொல்வோம். என் பெண்ணுக்கு நாலு வயசு. அடம் பிடிச்சா என் பெண்டாட்டி அதைத்தான் சொல்வாள்" என்று தவிடு என்றால் என்னவென்றும் விளக்கினேன்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"2005-ல் ஒரு செய்தி வந்தது" என்றார். "ஹுனானில் ஹெங்யாங் என்ற ஊர்ப்பக்கம் காப்பகங்கள் பணம் கொடுத்துக் குழந்தைகளை வாங்கி, அநாதை என்று எழுதித் தத்துக்கு அனுப்பியது தெரிய வந்தது. 2006-ல் கோர்ட் தண்டனை கொடுத்தது. என் பெண் அந்த ஊர் இல்லை, ஆனால் அதே மாகாணம். அவளுடைய காகிதத்தில் 'காப்பக வாசலில் கிடைத்தாள்' என்று ஒரு வரி இருக்கிறது. அந்த வரியை எத்தனை ராத்திரி படித்திருப்பேன், தெரியுமா? அது உண்மையாக இருந்தால், ஒரு தாய் அழுதுகொண்டே விட்டுப் போனாள். பொய்யாக இருந்தால், ஒரு தாய் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறாள். இரண்டில் எது நடந்திருந்தாலும், அதன் மேல்தான் என் குடும்பம் நிற்கிறது."

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஏ.ஸி. லாபியில் வேர்த்தது. "ஸாரி மேடம்" என்றேன்.

"உங்களைச் சொல்லவில்லை. வெளியே கடைக்காரம்மா, 'அதிர்ஷ்டக்காரப் பொண்ணு' என்று இவள் கையைத் தட்டினாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் இவள் அந்த வார்த்தையைக் கேட்டாலே எழுந்து போய்விடுவாள். இப்போது ஆற்றங்கரைக்குப் போனதும் அதற்குத்தான்."

"சரி, கஷ்டமான கணக்குன்னு சொன்னீங்களே... மூணு பேர்தானே?"

அவர் போனை எடுத்தார். நாலு வயசுப் பையன். மேலுதட்டில் தையல் போட்ட தழும்பு. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

2019-ல் இவனை இவர்களுக்கென்று ஒதுக்கிக் காகிதம் வந்தது. 2020 பிப்ரவரிக்கு டிக்கெட். கட்டில் வாங்கி, சுவருக்குப் பெயின்ட் அடித்து... அதற்குள் கொரோனா. கதவு மூடியது. இரண்டு முறை பார்சல் அனுப்பினார்களாம். கேக், சட்டை, குடும்ப போட்டோ. 2024 செப்டம்பரில் சீன அரசு அறிவித்துவிட்டது: இனி வெளிநாட்டுக்குத் தத்து கிடையாது, நெருங்கிய ரத்த சொந்தம் இருந்தால் தவிர. காத்திருந்த சில நூறு குடும்பங்களுக்கும் அதேதான் பதில்.

"கட்டில் அப்படியே இருக்கிறது. அவனுக்கு இப்போது பத்து வயசு. அந்தக் கட்டில் பத்தாது."

என்ன சொல்வது? அருவி கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"இதில் வேடிக்கை என்ன தெரியுமா? என் மகள் சீனா செய்தது சரி என்கிறாள். 'பிள்ளைகளை அவங்கவங்க ஊரிலேயே வளர்க்கட்டும்மா, மொழியும் முகமும் தொலையாம இருக்கும்' என்கிறாள். இரண்டு பேரும் சமையலறையில் நின்று கத்திச் சண்டை போட்டோம். அவள் சொல்வது நியாயம். நான் அழுவதும் நியாயம். கடைசியில் அவளேதான், 'வா, ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வரலாம்' என்று டிக்கெட் எடுத்தாள். பையன் இருக்கிற ஊருக்குப் போகப் போவதில்லை, தம்பி. போய் எட்டிப் பார்த்து, அவன் மனசைக் கலைக்க எனக்கு உரிமையில்லை."

பெண் திரும்பி வந்தாள். இரண்டு கையிலும் ஐஸ்க்ரீம். என்னைப் பார்த்து, "உங்களுக்கு வாங்கவில்லையே" என்று சங்கடப்பட்டாள். பேச்சை மாற்ற, அருவிப் பாறையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். காலேஜில் சீனம் படித்தாளாம். விரலால் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி, "கு... ஷியாங்... ஷுவே" என்றாள். "சொந்த ஊர்த் தண்ணீர்."

கடல் கடந்து போன சீனர்கள் திரும்பி வரும்போது பார்க்கட்டும் என்று வைத்த பெயராம். இவளும் அந்தக் கணக்கில் சேர்த்திதானே?

கிளம்பும்போது அந்த அம்மாள் திரும்பினார். "உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லவில்லையே. நாலு. ஒருத்தன் எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான்."

மகள் மறுத்துப் பேசவில்லை. அம்மாவின் தோளில் தொங்கிய பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அன்று ராத்திரி வீட்டுக்குப் போன் பேசினேன்.

"உங்க பொண்ணு இன்னிக்கு ஒரே ஆட்டம்! சாப்பிடவே மாட்டேன்னுட்டா. தவிட்டுக்கு வாங்கினதுதானே நீன்னு ரெண்டு அதட்டல் போட்டேன், கப்சிப்" என்றாள் என் மனைவி.

"அதை மட்டும் இனிமே சொல்லாதே."

"ஏன், என்னாச்சு உங்களுக்கு?"

"ஊருக்கு வந்து சொல்றேன்" என்றேன்.