பத்திரம் கேட்டவன்

மரபுவழி ஆட்டக்காரர் விவகாரத்தில் மலேசியக் காற்பந்துச் சங்கத்தை எல்லாரும் திட்டுகிறார்கள். நானும் திட்டினேன். அதற்கான தகுதி எனக்கு இல்லை.

தாத்தாவோ பாட்டியோ ஒரு நாட்டில் பிறந்திருந்தால், அந்நாட்டுக் குடியுரிமை பெற்ற பேரப்பிள்ளை அந்நாட்டுக்கு ஆடலாம் என்பது பீஃபா விதி. நல்ல விதி அது. கூச்சிங்கில் பிறந்து பெல்ஜியத்தில் வளர்ந்த டியோன் கூல்ஸ் மலேசிய அணியின் ஹரிமாவ் மலாயா சட்டை போட்டு ஆடுவதை நான் பெருமையாகத்தான் பார்க்கிறேன். ரக்பி லீக்கில் 2017 உலகக் கிண்ணத்தின்போது ஜேசன் தௌமலோலோ நியூசிலாந்தை விட்டுத் தன் பெற்றோரின் தோங்காவுக்கு ஆடி, அதே நியூசிலாந்தை 28-22 என்று வீழ்த்தினார். வேர் உண்மையாக இருந்தால் அது ஒருவனை எவ்வளவு தூரத்திலிருந்தும் இழுத்து வரும்.

2025 ஜூன் 10ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் வியட்நாமை 4-0 என்று வென்றோம். மரபுவழி ஆட்டக்காரர்களான ஃபிகெய்ரெடோ ஒரு கோல், ஒல்காடோ ஒரு கோல். கம்போங் மேடான் கடையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். "மாமா, இவங்க தாத்தா பாட்டியெல்லாம் எப்ப இங்க பொறந்தாங்க?" என்று அக்கா மகன் கேட்டான். "ஜெயிக்கிற நேரத்துல என்னடா கேள்வி?" என்று அதட்டினேன். அதே சந்தேகம் எனக்கும் இருந்தது. இருந்தும் அவன் வாயை அடைத்தேன்.

செப்டம்பர் 26ஆம் தேதி பீஃபாவின் தீர்ப்பு வந்தது. ஏழு ஆட்டக்காரர்களின் ஆவணங்கள் திருத்தப்பட்டவை. சங்கத்துக்கு 350,000 சுவிஸ் பிராங்க் அபராதம், ஏழு பேருக்கும் 12 மாதத் தடை. நவம்பரில் மேல்முறையீட்டையும் பீஃபா தள்ளுபடி செய்தது. பினாங்கில் பிறந்ததாகக் காட்டப்பட்ட ஒல்காடோவின் தாத்தா பிறந்தது அர்ஜென்டினாவின் கசெரோஸில். கூச்சிங்கில் பிறந்ததாகக் காட்டப்பட்ட இராசாபாலின் தாத்தா பிறந்தது ஸ்பெயினின் கெர்னிகாவில். கையால் எழுதிய மூலப் பதிவு கிடைக்காமல், வேறு தகவல்களை வைத்தே தேசியப் பதிவு இலாகா நகல் கொடுத்தது என்பதும் பீஃபாவின் தீர்ப்பில் வெளிவந்தது. அந்த வரியைப் படித்ததும் எனக்கு உடம்பு கூசியது. காரணம் எங்கள் திடலில் நடந்த ஒன்று.

கம்பத்துப் பையன்களின் குழுவுக்கு நான் பொறுப்பாளனாக இருந்த காலத்தில், நடுத்திடலில் ஒருவன் ஆடினான். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிரணி பின்வாங்கும். வயதுப் பிரிவுப் போட்டிக்குப் பெயர் பதியும்போது அவனுக்குப் பிறப்புப் பத்திரமும் இல்லை, ஐசி எனும் அடையாள அட்டையும் இல்லை. அப்பா இந்த ஊர்க் குடிமகன். அம்மாவிடம் ஒரு தாளும் கிடையாது. கல்யாணம் கோயிலில் மட்டும் நடந்தது. 1982 மார்ச் முதல் திருமணத்தைச் சட்டப்படி பதிந்தாக வேண்டும். பதியாவிட்டால் பிள்ளை அப்பாவின் குடியுரிமையைப் பெற முடியாது, அம்மாவின் நிலைதான் அதற்கும். தோட்டத்திலிருந்து வந்து பழைய கிள்ளான் சாலையோரம் குடியேறிய எத்தனையோ குடும்பங்களுக்கு இந்தக் கதை தெரியும்.

"ஐசி எடுத்துட்டு வாடா, அப்புறம் பாக்கலாம்" என்று அவனைத் திருப்பி அனுப்பினேன். விதிப்படி அது சரி, விதியை மீறி அவனை ஆடவைத்திருக்கக் கூடாது. அதற்குப் பிறகு நான் செய்ததுதான் பாவம். அவன் அம்மா வீட்டு வாசலுக்கு வந்து, "அண்ணே, இலாகாவுக்கு ஒரு தடவ கூட வாங்க. சாட்சி கேக்குறாங்க" என்றார். வேலை இருக்கிறது என்றேன். மறுபடி வந்தபோது மனைவியை விட்டு நான் வீட்டில் இல்லை என்று சொல்லவைத்தேன். இலாகாவில் என் பெயரும் விலாசமும் எதிலாவது மாட்டிக்கொள்ளுமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

அந்தக் கோயில் கல்யாணத்தில் நான் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பையன் பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்திருக்கிறேன். அவன் யார் மகன், எந்த மண்ணில் பிறந்தான் என்று சத்தியம் செய்யக்கூடிய சிலரில் நான் ஒருவன். கடல் தாண்டி வந்தவர்களின் பாட்டிகளைக் கேள்வி கேட்காமல் நம்பினேன். கண்ணால் கண்டதைச் சொல்ல இரண்டு பேருந்து ஏறிப் போகவில்லை.

அவன் இப்போது கார் கழுவும் கடையில் கைக்காசுக்கு வேலை செய்கிறான். இன்னும் ஐசி இல்லை. என்னைக் கண்டால் மரியாதையாக "மாமா" என்கிறான். அவன் அம்மாவிடம் இன்னும் நான் போய்ப் பேசவில்லை. இதை எழுதிவிட்டதால் போய்விட்டதாக ஆகாது.