ஈறுக்குள் தங்கிய மஞ்சள்

தெலுக் கெமாங் கடற்கரையில் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பார். மணல் பறக்குதாம். காற்றே இல்லாத நாளிலும் அப்படித்தான்.

போர்டிக்சன் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்து வீடு எங்களுடையது. மூன்று வயதில் அக்காவுக்கு விடாத காய்ச்சல், நெஞ்சுச்சளி. அம்மா மரம் வெட்டப் போகாமல் தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தாராம். டிரெஸ்ஸர் கொடுத்தது மஞ்சள் சிரப். "பாட்டிலைக் கழுவிக்கூட ஊத்திக் கொடுத்தேன்" என்று அம்மா பெருமையாகச் சொல்வார். அக்கா பிழைத்துக்கொண்டார். அடுத்தடுத்த காய்ச்சலுக்கும் அந்த மருந்தையே அம்மா கேட்டு வாங்கினார்.

டெட்ராசைக்கிளின். அந்த வகை ஆன்டிபயாட்டிக்கில் முதலில் வந்தது ஆரியோமைசின், 1948இல். லெடர்லி ஆய்வகத்தில் பெஞ்சமின் டக்கர் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தெடுத்தார். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆரியோமைசின் என்பது பொன்னிறத்தால் வந்த பெயர். எத்தனையோ உயிரைக் காத்த மருந்து. அக்காவின் உயிரையும் என்றே நம்புகிறேன். ஆனால் அது சுண்ணாம்புச் சத்தோடு ஒட்டிக்கொள்ளும். எட்டு வயதுக்குள் குடித்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பல்லில் போய்த் தங்கிவிடும்.

அக்காவின் பால்பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. ஏழு வயதில் முளைத்த முன்பற்கள் மஞ்சள். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பாயின. நாலு வருசத்துக்கு முந்திய சிரப்பை யார் நினைப்பார்? ஒழுங்காகப் பல் விளக்கவில்லை என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். விடியற்காலையில் குழாயடியில் இடக்கையால் அக்காவின் தாடையை இறுக்கிப் பிடித்து, அடுப்புக்கரியும் உப்பும் தொட்டு ஆள்காட்டி விரலால் தேய்ப்பார். எச்சிலோடு ரத்தம் வரும். கறை அப்படியே இருக்கும். அது இருந்தது பல்லுக்குள்ளே.

வாந்தி, வயிற்றுப்போக்கு, உடம்பில் தடிப்பு என்றால் மருந்து குடித்த கையோடு தெரிந்துவிடும், டாக்டரிடம் ஓடலாம். ஆண்டுகள் கழித்து வருகிற பக்கவிளைவுக்கோ பிள்ளைதான் அடி வாங்குகிறது.

நாற்பது வயதில் ஒரு பல் டாக்டர் சொல்லித்தான் அக்காவுக்கே விசயம் தெரிந்தது. அம்மாவிடம் நான்தான் சொன்னேன், அதே தெலுக் கெமாங்கில், பாயில் உட்கார்ந்து சோறு பிசைந்துகொண்டிருந்தபோது. அம்மா பேசவில்லை. கையைக் கழுவிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டார். முந்தானையை விலக்கி, இடக்கையால் தாடையைப் பிடித்தார். வலக்கையின் ஆள்காட்டி விரல் உதடு வரை போய், தொடாமல் நின்றது.