குறுக்கே போனது யார்?

லெம்பா பெர்த்தாமில் எங்கள் லயத்தில் யாராவது இறந்துவிட்டால், உறவுக்காரர்களுக்குத் தகவல் போவதற்கு முன்பே ஒரு வேலை நடக்கும். வீட்டுப் பூனையைத் தேடிப் பிடித்து, கூடையைக் கவிழ்த்து மூடி, மேலே ஒரு கல்லைத் தூக்கி வைப்பார்கள். சவத்தைப் பூனை தாண்டினால் செத்தவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்பது பெரியவர்களின் பேச்சு. பூனையைப் பிடிக்கும் பொறுப்பு எப்போதும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் வரும். கையெல்லாம் கீறலோடுதான் துக்க வீட்டில் உட்கார்ந்திருப்போம்.

இன்று நான் வானொலியில் இரவு நேர நிகழ்ச்சி நடத்துகிறேன். பேய், பிசாசு, அமானுஷ்யம் என்று தலைப்புக் கொடுத்தால் போதும், அழைப்புகள் நிற்காது. முனியாண்டி வருவார், மோகினி வருவாள். ஆனால் எந்த ஊரிலிருந்து யார் அழைத்தாலும் கதைக்குள் எப்படியோ ஒரு பூனை நுழைந்துவிடும். அப்படி ஒரு நிகழ்ச்சிக்காகத்தான் ஜப்பானியர்களின் பூனைக் கதைகளைத் தேடிப் படித்தேன். புதிதாக ஏதாவது கிடைக்கும் என்று போனால், முதலில் கிடைத்தது எங்கள் லயத்துக் கூடை.

ஜப்பானிலும் சவத்தின் அருகே பூனையை விட மாட்டார்களாம். இறந்தவரின் மார்பின் மீது சிறு கத்தி ஒன்றை வைப்பது அங்கே பழைய வழக்கம். கெட்ட சக்திகளும் பூனையும் அண்டாமல் இருக்க அது காவல் என்று சொல்வார்கள். நம் நாட்டு மலாய்க்காரர்களிடமும் இதே பழக்கம் இருந்தது. சவத்தின் மீது பாக்குவெட்டியோ கத்தியோ, ஏதாவது ஓர் இரும்பை வைப்பார்கள். கறுப்புப் பூனை தாண்டிவிடக் கூடாது என்று இரவெல்லாம் விழித்திருப்பார்கள். சீனர்களிடமும் கறுப்புப் பூனை தாண்டினால் பிணம் துள்ளி எழும் என்ற நம்பிக்கை உண்டு. மொழி வேறு, சாமி வேறு, சமைக்கும் கறி வேறு. பூனையைக் கண்டால் மட்டும் நாலு பேருக்கும் ஒரே பயம்.

ஜப்பானியக் கதைகளில் பூனைப் பேய்க்குப் பல பெயர்கள். வயதான பூனை உருமாறினால் அது 'பாக்கெனெக்கோ'. வால் இரண்டாகப் பிளந்து இன்னும் வலிமை பெற்றுவிட்டால் 'நெக்கொமாத்தா'. சவ ஊர்வலத்தில் புகுந்து பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவது 'காஷா'. தொரியாமா செக்கியன் என்ற ஓவியர் 1776இல் வெளியிட்ட பேய்களின் படத்தொகுப்பில் நெக்கொமாத்தாவும் உண்டு, காஷாவும் உண்டு.

இவற்றில் பழையது நெக்கொமாத்தா. புகழ்பெற்ற கவிஞர் புஜிவாரா நோ தெய்க்கா 1233ஆம் ஆண்டில் தம் நாட்குறிப்பில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாரா நகரில் ஒரே இரவில் பல பேரை அது கடித்துத் தின்றதாம். கண்கள் பூனையுடையவை, உடம்பு பெரிய நாயுடையதாம். அதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து யோஷிதா கெங்கோ என்ற துறவி ஒரு கதை எழுதினார். காட்டில் நெக்கொமாத்தா திரிகிறது என்று கேள்விப்பட்ட ஒரு பிக்கு, கவியரங்கம் முடிந்து பரிசுகளோடு இரவில் தனியாக வீடு திரும்புகிறார். வீட்டுக்குப் பக்கத்து ஓடையருகே ஏதோ ஒன்று மேலே பாய்கிறது. அலறிக்கொண்டு ஓடைக்குள் விழுகிறார். ஊர்க்காரர்கள் பந்தத்தோடு ஓடி வந்து தூக்குகிறார்கள். பரிசாகக் கிடைத்த விசிறியும் சிறு பெட்டிகளும் தண்ணீரில் நனைந்து போயின. பாய்ந்தது பேயல்ல; எஜமானர் வந்துவிட்டார் என்று இருட்டில் அடையாளம் கண்டு துள்ளிக் குதித்த அவருடைய சொந்த நாய்!

எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் இப்படிச் சிரித்துவிட்டுப் போயிருக்கிறார். ஆனாலும் பயம் போகவில்லை. எடோ காலத்தில் ஏழை வீடுகளில் விளக்கெரிக்க மலிவான மீன் எண்ணெய்தான். மீன் வாசனைக்குப் பூனை பின்னங்கால்களில் எழுந்து நின்று விளக்கை நக்கும். அந்த நிழல் சுவரில் ஆள் உயரத்துக்கு விழும். விளக்கெண்ணெயை நக்கும் பூனை உருமாறப் போகிறது என்றார்கள். பசித்த பூனைக்கு எண்ணெய் வேண்டியிருந்தது; பயந்த மனிதருக்கு ஒரு கதை வேண்டியிருந்தது.

வால் பிளந்துவிடும் என்ற பயத்தில் குட்டியின் வாலை வெட்டிவிடுவதும், குட்டை வால் பூனையாகத் தேடி வளர்ப்பதும் அங்கே நடந்திருக்கின்றன. இதைப் படித்தபோது எங்கள் ஊர்ப் பூனைகளின் வால் நினைவுக்கு வந்தது. மலேசியப் பூனையின் வாலைக் கவனித்திருப்பீர்கள். பாதியில் மடங்கியிருக்கும், அல்லது நுனியில் ஒரு முடிச்சு இருக்கும். கதவிடுக்கில் நசுங்கியதால் வந்தது என்றே சின்ன வயதில் எங்களுக்குச் சொன்னார்கள். மலாய்த் தீவுகள், சயாம், பர்மா வரை பூனைகளின் வால் இப்படித்தான் இருக்கிறது என்று சார்லஸ் டார்வின் 1868லேயே எழுதிவைத்திருக்கிறார். ஆசியப் பூனைகளின் குட்டை வாலையும் ஜப்பானியக் குட்டை வாலையும் ஒரே மரபணுவின் மாற்றத்தோடு 2016இல் ஆய்வாளர்கள் இணைத்துக் காட்டினார்கள். பூனைக்கும் உறவு முறை உண்டு, நம்மைப் போலவே கடல் கடந்த உறவு.

ஆனால் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது வேறொன்று. ஜப்பானியக் கதைகளில் உருமாறிய பூனை பெரும்பாலும் யாருடைய உருவத்தில் வருகிறது தெரியுமா? ஒரு கிழவியின் உருவத்தில். வீட்டிலிருக்கும் வயதான தாயைக் கொன்றுவிட்டு, அவளைப் போலவே பூனை உட்கார்ந்திருக்குமாம். மகன் ஒருநாள் கண்டுபிடித்து வெட்டிவிடுவான். கேட்கும்போது திகிலாக இருக்கிறது. சற்று நின்று யோசித்தால் கேள்வி வருகிறது: வீட்டுக் கிழவியைப் பார்த்து, இது நம் அம்மா இல்லை என்று ஒருவனுக்கு ஏன் தோன்ற வேண்டும்?

புகழ்பெற்ற இன்னொரு கதை சாகா நாட்டுப் பூனையுடையது. நபேஷிமா குலத்து ஆட்சியாளர், பலகை ஆட்டத்தில் ஏற்பட்ட சச்சரவில் ரியூசோஜி குலத்து இளைஞன் ஒருவனைக் கொன்றுவிடுகிறார். அந்தக் குலத்திடமிருந்துதான் நாடே நபேஷிமாக்கள் கைக்கு வந்திருந்தது. நியாயம் கேட்க இடமில்லை. மகனை இழந்த தாய், தன் துயரத்தை வளர்ப்புப் பூனையிடம் சொல்லி அழுதுவிட்டு உயிரை மாய்த்துக்கொள்கிறாள். அவளுடைய இரத்தத்தை நக்கிய பூனை, பேயாகி அரண்மனைக்குள் புகுந்து பழிவாங்குகிறது. இந்தக் கதை கபுக்கி நாடகமாகி, பிறகு திரைப்படங்களாகவும் வந்தது. அந்தத் தாயின் வார்த்தையைக் கேட்க ஊரில் ஒரு மனிதர் இல்லை. கேட்டது பூனை மட்டும்.

இந்தக் கதையை என் பாட்டியிடம் சொன்னேன். எண்பத்தைந்தைத் தாண்டியவர். கொழுந்து கிள்ளிய விரல்கள் இன்று மடங்கியே இருக்கின்றன. முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஜப்பான்காரனுக்கும் பூனைன்னா பயமா?"

அவர் சிரித்துக்கொண்டு கேட்கவில்லை. எனக்கு ஜப்பான் என்றால் கார்ட்டூன், தானா ராத்தாவில் மாதக்கணக்கில் வந்து தங்கும் சாந்தமான முதியவர்கள். பாட்டிக்கு ஜப்பான் என்றால் 1943. அப்போது அவருக்கு ஐந்து வயது. தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் குடியிருந்தார்கள். அவருடைய அப்பாவை சயாம் இரயில் பாதை வேலைக்குக் கொண்டு போனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் பாதை அது. 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் அங்கேயே மடிந்தார்கள். பாட்டியின் அப்பா திரும்பி வரவில்லை. செத்தார் என்ற செய்தியும் வரவில்லை.

போர் முடிந்த பிறகு கொள்ளுப்பாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மலையேறி வந்து இங்கே தேயிலைத் தோட்டத்தில் சேர்ந்தார். கழுத்தில் தாலி இருந்தது. நெற்றியில் பொட்டு இருந்தது. லயத்தில் பாதிப்பேர் அவரைச் சுமங்கலி என்றார்கள், பாதிப்பேர் விதவை என்றார்கள். எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியாமல் கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் அவர் வீட்டை மட்டும் தாண்டிப் போனார்கள். வருடங்கள் ஓட ஓட, விதவை என்ற பக்கமே வென்றது. யாரும் சடங்கு செய்து கழற்றவில்லை; அவரே ஒருநாள் தாலியைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாராம்.

"ஆம்பளைங்க காலையில பெரட்டுக்குக் கெளம்புறப்ப எங்கம்மா வெளிய வரக்கூடாது. பூனையும் வெளிய வரக்கூடாது. ரெண்டு பேரும் கதவச் சாத்திக்கிட்டு உள்ளயே ஒக்காந்திருப்பாங்க" என்றார் பாட்டி. "அதுங்கிட்டதான் அம்மா பேசிக்கிட்டு இருக்கும்."

வீட்டில் பிணம் கிடந்தால் பூனையைக் கட்டிப்போடலாம். பிணமே வராத வீட்டில் பூனை எதைத் தாண்டும்? அந்தப் பெண்ணின் வாழ்க்கையை அழித்தது இரயில் பாதை போட்ட இராணுவம். ஆனால் அந்த இராணுவத்தைப் பார்த்து யாரும் கதவைச் சாத்தவில்லை, சாத்தவும் முடியாது. கண்ணெதிரே கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவள் அவள்தான். சகுனம் என்பது பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது. நம்மால் எதிர்க்க முடியாத இடத்திலிருந்து வரும் துன்பத்துக்கு, எதிர்த்துப் பேச முடியாத ஒருவர் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். ஒருநாள் அது பூனை, இன்னொருநாள் ஒரு பெண்.

இதே பூனை இடம் மாறினால் இராசியாகிவிடுகிறது என்பதுதான் வேடிக்கை. பிரிஞ்சாங் கடைத்தெருவில் நடந்து பாருங்கள். கல்லாப்பெட்டி அருகே ஒரு கையை ஆட்டியபடி உட்கார்ந்திருக்கும் பொம்மைப் பூனை ஜப்பானிலிருந்து வந்ததுதான். பெயர் 'மனெக்கி நெக்கோ', அழைக்கும் பூனை. தோக்கியோவின் கோத்தொக்குஜி ஆலயத்தில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் கொண்டுவந்து வைத்த ஆயிரக்கணக்கான பூனைப் பொம்மைகள் வரிசையாக நிற்கின்றன. மழையில் நின்ற ஒரு பிரபுவைப் பூனை கையசைத்து உள்ளே அழைத்ததாம். அவர் நகர்ந்ததும் நின்றிருந்த இடத்தில் இடி விழுந்ததாம். வங்காளத்தில் குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனைதான் வாகனம். பூனை எங்கேயும் பூனையாகத்தான் இருக்கிறது. நல்லது, கெட்டது என்று சீட்டு ஒட்டுவது நாம்.

சீட்டைக் கிழிப்பது வானொலியில் பேசுவதுபோல எளிதல்ல. என் பாட்டியும் இப்போது கணவரை இழந்தவர். நான் காரை எடுக்கும்போதெல்லாம், யாரும் சொல்லாமலே அவர் வாசலிலிருந்து எழுந்து உள்ளே போய்விடுவார். "ஏன் பாட்டி?" என்று கேட்டால், "நீ தூரம் போற புள்ள, நல்லபடியா போயிட்டு வா" என்பார். அம்மாவிடமிருந்து பார்த்துப் பழகியது அது. பூனை ஒருநாளும் அப்படி ஒதுங்கியதில்லை. வெயில் அடிக்கும் இடம் பார்த்து நடுவாசலில் படுத்துக்கொள்ளும்.

அடுத்த மாதம் ரிங்லெட்டில் என் தங்கைக்குத் திருமணம். ஆசி வாங்கத் தாலித் தட்டு சபையைச் சுற்றி வரும்போது, முதலில் பாட்டியிடம்தான் வர வேண்டும் என்று தங்கை சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டில் சரி என்றார்கள். எங்கள் உறவிலேயே இரண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள். அம்மா அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவர்களைச் சம்மதிக்க வைத்துவிடலாம். பாட்டிதான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. பின்வரிசையில் ஓரமாக ஒரு நாற்காலி போதும் என்கிறார்.